காட்டிக் கொடுக்காத மருத்துவமனை

மருத்துவமனை வாயிலில் நின்று, உள்ளே செல்வதா, திரும்பிவிடுவதா எனத் தயங்கும் ஏழைகளை நாம் கண்டதுண்டு. கையில் பணமில்லாமையே பெரும்பாலும் அதற்குக் காரணம். பிழைப்புத் தேடி இத்தாலிக்குச் சென்று, உரிய அனுமதிப் பத்திரமின்றி வாழ்வோருக்கோ வேறோர் அச்சமும் உண்டு. மருந்துக்குப் போன இடத்தில் காவல்துறையிடம் பிடித்துக் கொடுத்துவிட்டால்?

1948-இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு, உடல்நலத்தைத் தனிமனிதரின் அடிப்படை உரிமை என்கிறது. 'குடிமகன்' என்ற சொல்லை அது அங்கே ஆளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1978-இல் அனைவருக்குமான தேசிய மருத்துவத் திட்டமும் பிறந்தது. ஆயினும் பத்திரமற்ற அயலார் அதற்கு வெளியேதான் நின்றனர். அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்கள் தன்னார்வ மருத்துவர்களே. அருட்தந்தை லூயிஜி தி லியேக்ரோ வழிநடத்திய உரோமைக் காரித்தாஸ், 1983-இல் டெர்மினி இரயில் நிலையத்தருகே இத்தகையோருக்கென ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கியது. அறச்செயலாகத் தொடங்கிய இது, பின்னர் உரிமைக் கோரிக்கையாக வளர்ந்தது.

1998-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோரிக்கையை ஏற்றது. அவசர சிகிச்சை மட்டுமன்றி, இன்றியமையாத தொடர் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், தடுப்பூசி, தொற்றுநோய் மருத்துவம் ஆகிய யாவும் பத்திரமற்றோருக்கும் உண்டு. ஆறு மாதத்திற்கு ஒரு குறியீட்டு எண் வழங்கப்படும். அதனைப் புதுப்பித்துக் கொள்ளலாம். எனினும் அச்சட்டத்தின் உயிர்நாடி வேறோர் வரியில் இருக்கிறது என்பதே நம் கருத்து: சிகிச்சைக்கு வருவோரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் தரலாகாது, இத்தாலியரைப் பற்றியும் தகவல் தந்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு. இவ்வரி இல்லையேல் ஏனைய சலுகைகளெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

2009 பிப்ரவரியில் அவ்வரியை நீக்கும் திருத்தத்தைச் செனட் சபை ஏற்றது. மருத்துவர்களும் செவிலியரும், தாங்கள் ஒற்றர்கள் அல்லர் என்று முழங்கி எதிர்த்தனர். அஞ்சி ஒளிந்துகொள்ளும் நோயாளியோடு நோயும் ஒளிந்துகொள்ளும். காசநோய்க்குப் பத்திரம் ஏது? அவர்கள் வாதம் வென்றது. ஜூலையில் நிறைவேறிய சட்டத்தில் அத்திருத்தம் இடம்பெறவில்லை.

ஆனால் அதே சட்டம், அனுமதியின்றி நாட்டில் தங்குவதையே குற்றமாக்கியது. குற்றத்தை அறிந்த அரசு ஊழியர் அறிவித்தாக வேண்டுமன்றோ என்ற குழப்பம் எழுந்தது. தகவல் தரலாகாது என்ற தடை மாறாமல் நீடிக்கிறதென்று, அவ்வாண்டு நவம்பரில் உள்துறை அமைச்சகமே சுற்றறிக்கை விடுக்க நேர்ந்தது.