முகமூடிக்குள் யார்?

காமிக்ஸிலிருந்து எடுக்கப்படும் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'ஒரிஜினல் மாதிரியே எடுத்திருக்காங்களா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எங்கே போய் முட்டும் என்பதற்கு 'வாட்ச்மென்' ஒன்று போதும். ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-87இல் 12 இதழ்களாக வந்த காமிக்ஸ் அது. 2009இல் ஜாக் ஸ்னைடர் அதைப் படமாக எடுத்தபோது, பல காட்சிகளில் கிப்பன்ஸின் கட்டங்களை ஜெராக்ஸ் போட்ட மாதிரி அப்படியே வைத்தார். ஆனால் நியூயார்க்கில் லட்சக்கணக்கானவர்களைக் கொல்லும் அந்த ராட்சத ஜந்துவைத் தூக்கிவிட்டு, கிளைமாக்ஸையே மாற்றினார். 2019இல் டேமன் லிண்டலாஃப் எச்.பி.ஓ.வுக்காக எடுத்த தொடரில் ஊர், நாயகி, பிரச்சினை எல்லாமே புதுசு. ஜந்து மட்டும் இருந்தது! இதில் எது ஒரிஜினல் மாதிரி?

நான் தொடரின் கட்சி. காரணம் அதன் முதல் பத்து நிமிஷம்.

1921. ஒரு தியேட்டர். கறுப்பினச் சிறுவன் ஒருவன் தன்னந்தனியாக உட்கார்ந்து ஊமைப்படம் பார்க்கிறான், அம்மா பியானோ வாசிக்கிறாள். வெளியே தெரு எரிகிறது. முதல் உலகப்போர் ராணுவ உடையில் வரும் அப்பா அவர்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். மேலே விமானம் பறக்கிறது. கடைகளைச் சூறையாடுகிறார்கள், மனிதர்களைச் சுடுகிறார்கள். வானத்திலிருந்து குட்டிக் கணவாய்கள் மழையாகக் கொட்டும் தொடர் இது. அதனால் இந்தக் காட்சியும் கற்பனைதான் என்று நினைத்தவர்கள் அமெரிக்காவிலேயே நிறையப் பேர். அன்றிரவு தேடித்தேடிப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்று ஒரு பகுதி. நிறவெறிச் சட்டங்கள் ஒதுக்கிவைத்த கறுப்பர்கள் தங்களுக்கென்று கடை, ஹோட்டல், பத்திரிகை, மருத்துவமனை என்று கட்டிக்கொண்ட இடம். ட்ரீம்லேண்ட் தியேட்டரும் நிஜம்தான். 1921 மே 30 அன்று ஷூ பாலிஷ் போடும் டிக் ரோலண்ட் என்ற இளைஞன் ஒரு லிஃப்டில் ஏறினான். லிஃப்டை இயக்கிய வெள்ளைக்காரப் பெண் அலறினாள். உள்ளே என்ன நடந்தது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை, வழக்கும் பின்னால் கைவிடப்பட்டது. ஆனால் மறுநாள் 'டல்சா ட்ரிப்யூன்' அதை முதல் பக்கத்தில் போட்டது. சாயங்காலம் நீதிமன்ற வாசலில் கும்பல் கூடியது. அவனை அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, போரிலிருந்து திரும்பியிருந்த கறுப்பின வீரர்கள் சிலரும் துப்பாக்கியோடு காவலுக்குப் போனார்கள். ஒரு குண்டு வெடித்தது. ஜூன் 1 பகல் முடிவதற்குள் 35 பிளாக்குகள் சாம்பல். எரிந்த வீடுகள் மட்டும் 1,256. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 36 பேர், ஆய்வாளர்களின் மதிப்பீடு 100இலிருந்து 300 வரை. ஒருவருக்கும் தண்டனை கிடையாது.

இதற்கு அரசு வைத்த பெயர் 'கலவரம்'. படுகொலை என்று சொல்ல எத்தனையோ வருஷம் ஆனது. சும்மா வார்த்தைதானே என்று விட முடியாது. கலவரத்தால் வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதைக் காட்டியே கம்பெனிகள் பணம் தர மறுத்தன. பிற்பாடு ஆய்வாளர்கள் அந்த 'ட்ரிப்யூன்' இதழைத் தேடிப் போனால், மைக்ரோஃபிலிம் எடுப்பதற்கு முன்பே முதல் பக்கச் செய்தியை யாரோ கிழித்தெடுத்திருந்தார்கள். டேட்டாபேஸில் ஒரு வரிசையை மட்டும் அழித்தாலும் லாகில் தடயம் நிற்கும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. இங்கே லாகையே கிழித்திருக்கிறார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். காமிக்ஸில் முதல் முகமூடி வீரன் ஹூடட் ஜஸ்டிஸ். தலையில் மூடாக்கு, கழுத்தில் தூக்குக் கயிறு. யார் என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லப்படாத ஆள். தொடரின் ஆறாவது எபிசோடு சொல்கிறது: அவர்தான் அந்தத் தியேட்டர் சிறுவன். வளர்ந்து நியூயார்க்கில் போலீஸாகிறார். சக போலீஸ்காரர்களே அவரை மரத்தில் தூக்கிலிட்டு, சாகும் முன் இறக்கிவிடுகிறார்கள். கயிறு கழுத்தில் தொங்க வீட்டுக்கு நடந்துவரும் வழியில், அதே மூடாக்கை மாட்டிக்கொண்டு முதல்முறையாக ஒரு ஜோடியைக் காப்பாற்றுகிறார். ஒரு ஹீரோ ஏன் தூக்குக் கயிறு மாட்டித் திரிகிறான் என்று 33 வருஷமாக யாரும் கேட்கவில்லை பாருங்கள்.

'ஹூடட் ஜஸ்டிஸ் வெள்ளைக்காரர்தானே' என்று கொதித்தவர்களிடம் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. காமிக்ஸுக்குள் வரும் சுயசரிதையில், அவர் ஹிட்லரின் ஆட்சியைப் பாராட்டிப் பேசியதாக ஹாலிஸ் மேசன் எழுதியிருப்பார். வெள்ளையர் குழுவுக்குள் ஒளிந்து வாழும் ஒருவன் அப்படி வேஷம் கட்டியிருக்கலாம் என்று நாம் சப்பைக்கட்டு கட்டலாம். தொடர் அதற்குப் பதிலே சொல்லவில்லை, நைஸாக நழுவிவிட்டது. எனக்கு அது குறைதான்.

ஆனால் மூரே ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் வேறு திசையில் போகிறது. முகமூடியும் அங்கியும் எங்கிருந்து வந்தன என்று தேடினால், கிரிஃபித் 1915இல் எடுத்த 'த பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை முதல் அமெரிக்க சூப்பர்ஹீரோ படம் என்று வாதிட முடியும் என்றார். கு க்ளக்ஸ் க்ளான் கும்பலை ரட்சகர்களாகக் காட்டிய படம். அது வந்த அதே வருஷம்தான் க்ளான் ஜார்ஜியாவில் மறுபிறப்பு எடுத்தது. தொடரோடு எந்த ஒட்டும் வேண்டாம், பெயரையும் போடாதே என்று ஒதுங்கிய மனிதரின் வாதத்தைத்தான் தொடர் காட்சியாக எடுத்து வைத்திருக்கிறது. மூடாக்கு யாருடையதோ, அதை அவர்களிடமிருந்தே பிடுங்கி மாட்டிக்கொள்கிறான் அந்தப் பையன். கட்டத்துக்குக் கட்டம் காப்பியடித்த படத்தைவிட இது மூருக்கு ரொம்பக் கிட்டே நிற்கிறது.

என் சந்தேகம் வேறொரு இடத்தில். தொடரின் உலகத்தில் டல்சா சந்ததியினருக்கு அரசு நஷ்டஈடாக வரிவிலக்கு தருகிறது. நாயகி ஒரு மெஷினில் எச்சில் மாதிரி கொடுத்து, டி.என்.ஏ. மூலம் தன் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறாள். பார்க்கும்போது நிறைவாக இருக்கிறது, அந்த நிறைவுதான் உறுத்துகிறது. நிஜத்தில், உயிர் பிழைத்த வயோல ஃப்ளெட்சர் 2021இல் தன் 107ஆவது வயதில் அமெரிக்க காங்கிரஸ் முன் சாட்சி சொன்னார். 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் அவரும் மற்றவர்களும் நஷ்டஈடு கேட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது. 11 எம்மி விருது வாங்கிய தொடரால் ஒரு டாலர்கூட வாங்கித் தர முடியவில்லை. தொடரின் வேலை அதுவா என்று கேட்டால், இல்லைதான்.

அடுத்த மாதமே, ஜூலையில், ஓக்லான் கல்லறையில் தோண்டி எடுத்த எலும்புகளில் ஒருவரின் பெயர் டி.என்.ஏ. மூலம் தெரிந்தது. சி.எல். டேனியல். ஜார்ஜியாக்காரர், தொடரில் வரும் அப்பாவைப் போலவே முதல் உலகப்போரில் ராணுவத்தில் இருந்தவர். அரசு ஆவணக் காப்பகத்தில் அவர் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. உள்ளே 1936இல் அவருடைய தாய்க்காக ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதம்: மகன் 1921இல் டல்சா கலவரத்தில் கொல்லப்பட்டான், தாய்க்குச் சேர வேண்டிய உதவித்தொகையைத் தர வேண்டும்.