முதல் மாண்டலின் எப்படி இருக்க வேண்டும்?

மாண்டலின் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). ஆனால் அவருடைய முதல் மாண்டலின் கடை கடையாகத் தேடி வாங்கியது அல்ல! ஆந்திராவின் பாலகொல்லுவில், ஆறு வயதில், அப்பா வைத்திருந்த மாண்டலினை எடுத்து வாசித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார்; சிறுவன் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பான். 1978-ல் குடிவாடாவில் முதல் கச்சேரியே நடந்துவிட்டது.

இத்தாலியில் பிறந்த இந்த வாத்தியத்தில் நான்கு ஜோடிகளாக 8 கம்பிகள். சுருதி வயலினைப் போலத்தான். ஆனால் ஜோடிக் கம்பியில் கமகம் கொண்டுவருவது கடினம். ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால்தான் ஸ்ரீநிவாஸ் 5 ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார்.

அப்படியானால் புதிதாகக் கற்பவரும் அதையே வாங்க வேண்டுமா? வேண்டாம். அதற்கு ஆம்ப்ளிஃபயர் செலவும் சேரும். விலை குறைந்த 8 கம்பி மாண்டலினே போதும். கர்நாடக இசை பழக, ஜோடிக்கு ஒரு கம்பியைக் கழற்றிவிடலாம்.

காங்கேயத்தில் மாடு வாங்குபவர் பல்லையும் சுழியையும் பார்ப்பார். மாண்டலினில் பார்க்க வேண்டியவை மூன்று: கழுத்து வளையக் கூடாது, முறுக்காணி நழுவக் கூடாது, கம்பி மெட்டுக்கு மேல் உயரமாக நிற்கக் கூடாது. உயரமான கம்பி விரலை வலிக்க வைக்கும். வலித்தால் ஆசையே போய்விடும். பளபளப்புக்குக் காசு கொடுப்பதை விட, ஒரு நல்ல குருவுக்குக் கொடுக்கலாம்!