காஸ் கலாஸ்

துபாய் கராமாவில் கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: "காஸ் கலாஸ்." கேஸ் தீர்ந்துவிட்டது. அரபி வீட்டிலும் அதே வார்த்தை, பட்டானியர் கடையிலும் அதே வார்த்தை. நம் ஊர்க்காரராக இருந்தால், "கேஸ் தீர்ந்துடுச்சு தம்பி, கொஞ்சம் அடிச்சு விட்டுட்டுப் போங்க" என்பார். 1987 மே மாதத்திலிருந்து 2019 வரை அமீரகத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். எத்தனை ஆயிரம் தடவை இதைக் கேட்டிருப்பேனோ, கணக்கே இல்லை.

கேஸ் தீராது. அது வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரியோ, அடுப்பில் எரியும் சிலிண்டர் மாதிரியோ அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் ஆவியாகும், மறுபடி திரவமாகும், சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இவ்வளவு எளிய விஷயம் வளைகுடா முழுக்க எப்படி மறந்துபோனது, வருடா வருடம் கேஸ் அடிப்பது எப்படி ஒரு வழக்கமாகவே மாறியது என்பதை அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் எழுதி வைக்க நினைக்கிறேன்.

நாங்கள் போவதற்கு முன்பு அந்த மண்ணில் குளிர்ச்சி என்றால் காற்றுதான். பாரசீகத்தின் பஸ்தக் ஊரிலிருந்து வந்த வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துபாய்க் கழிமுகத்தின் ஓரத்தில் கட்டிய பஸ்தகியா வீடுகளில் பார்ஜீல் என்கிற காற்றுக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. கோபுரம் நாலு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே குறுக்கும் மறுக்குமாகச் சுவர். எந்தத் திசையில் காற்று வந்தாலும் அந்தச் சுவரில் மோதிக் கீழே அறைக்குள் இறங்கும். எதிர்ப்பக்கம் வழியாகச் சூடான காற்று மேலேறிப் போகும். ஷார்ஜாவில் மஜ்லிஸ் அல் மித்ஃபா என்ற வீட்டில் இருக்கும் கோபுரம் வட்டமானது. வசதியில்லாதவர்களுக்குப் பேரீச்சை ஓலையில் கட்டிய அரீஷ் குடிசை, அதன் இடுக்கு வழியாக நுழையும் காற்று. கோடை உச்சத்தில் முடிந்தவர்கள் கடற்கரையை விட்டு அல் ஐன், லிவா தோப்புகளுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள்.

போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ்தகியாவுக்குப் போய், ஒரு பழைய கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தேன். மேலே வாயைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். கீழே அதே அறையின் சுவரை உடைத்து ஜன்னல் ஏசி ஒன்றைச் சொருகியிருந்தார்கள். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் பவளக்கல் சுவரில் பச்சையாகக் கோடு போட்டிருந்தது. எங்கள் தொழில் அந்த ஊருக்குள் நுழைந்த விதத்தை அந்தச் சுவரில்தான் முதலில் பார்த்தேன்.

நுழைய வழிவிட்டது மின்சாரம். ஆட்சியாளர் ஷேக் ராஷித் 1959இல் துபாய் மின்சாரக் கம்பெனியைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் விளக்கு எரிந்தது. 1966இல் துபாயில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 1971 டிசம்பர் 2இல் அமீரகம் பிறந்தது, எழுபதுகளில் சிமெண்ட் கட்டடங்கள் வரிசையாக எழும்பின. பவளக்கல்லும் ஓலையும் விட்ட காற்றைச் சிமெண்ட் விடாது. அந்தக் கட்டடங்களில் ஏசி இல்லாமல் ஜூன் மாதத்தில் ஒருவர் தூங்க முடியாது. ஏசி அங்கே ஆடம்பரமாக வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. அந்த ஊர்களில் ஏசி கூரையைப் போன்ற தேவை.

இயந்திரம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்காமல் இருக்க வில்லிஸ் கேரியர் போட்ட திட்டம்தான் தொடக்கம். நச்சில்லாத, தீப்பிடிக்காத வாயுவை 1928 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஃப்ரியான் என்று விற்றார்கள். ஃபிரிட்ஜுக்கு ஆர்-12, ஏசிக்கு ஆர்-22 என்பது எங்கள் காலத்துப் பழக்கம். ஒன்றரை டன், இரண்டு டன் என்கிறோமே, அந்த டன் பனிக்கட்டிக் கணக்கு. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம்தான் ஒரு டன் ஏசி, அதாவது மணிக்கு 12,000 பிடியூ. ஃபிரடெரிக் டியூடர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியை வைக்கத்தான் 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். குளிர்ச்சியைப் பனிக்கட்டியால் அளந்த அந்த வியாபாரத்தின் மிச்சம் இன்றைக்கும் ஒவ்வொரு ஏசியின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்தில் துபாய் என்றால் கீழக்கரை நினைவுக்கு வரும். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான், அல் குரைர் குடும்பத்தோடு சேர்ந்து 1973இல் தொடங்கிய ஈடிஏ நிறுவனத்தால் எங்கள் மாவட்டத்தில் கடல் தாண்டிய வீடுகள் ஏராளம். நான் ஐடிஐயில் குளிர்பதன மெக்கானிக் படித்து, பம்பாய் ஏஜெண்ட் மூலம் வேறொரு சின்னக் கம்பெனிக்குப் போனவன். எட்டுப் பேர் படுத்த ரூம், ஒரே ஒரு பழைய ஜன்னல் ஏசி. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டைக் குளிர வைத்துவிட்டு வந்து, அதன் எதிரே யார் படுப்பது என்று முறை வைத்துக்கொள்வோம்.

நான் போனபோது ஜன்னல் ஏசிக் காலம். கம்ப்ரசர், கண்டென்சர், உள்காயில் எல்லாம் ஒரே பெட்டிக்குள். எல்லா இணைப்பையும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து அடைத்திருப்பார்கள். கடல் உப்பு தின்றாலோ, குழாய் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தாலோதான் கேஸ் போகும். தொண்ணூறுகளில் ஸ்பிளிட் பெருகியது. ஒரு பெட்டி அறையில், ஒரு பெட்டி மொட்டைமாடியில். நடுவே ஓடும் இரண்டு செம்புக் குழாய்களின் நாலு முனைகளை அந்த இடத்திலேயே கையால் செய்து முடுக்க வேண்டும். தொழிற்சாலையின் பொறுப்பு எங்கள் கைக்கு மாறியது அப்போதுதான். கசிவின் காலமும் அன்றைக்குத்தான் தொடங்கியது என்பது என் கணிப்பு.

அந்த முனைக்கு ஃப்ளேர் என்று பெயர். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் திருச்சூர்க்காரர், எங்கள் ஃபோர்மேன். சேட்டா என்றுதான் கூப்பிடுவேன். கட்டரைக் குழாயில் மாட்டி மெல்லச் சுற்ற வேண்டும்; அவசரமாக இறுக்கினால் வாய் நசுங்கிவிடும். வெட்டியபின் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். குழாயைத் தரைப்பக்கம் கவிழ்த்துப் பிடித்துத்தான் அதைச் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் செம்புத் துகள் உள்ளே விழுந்து கம்ப்ரசருக்குப் போய்விடும். நட்டை முதலில் குழாயில் போட்டுவிட வேண்டும். பிறகு கட்டையில் பிடித்து, கூம்பின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் திருகினால் வாய் ஊமத்தம்பூ மாதிரி விரியும். விரிந்ததை வெளிச்சத்தில் பிடித்து விரல் நுனியால் தடவிப் பார்ப்பார் சேட்டா. முடி அளவு கீறல் தட்டுப்பட்டாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார். "தம்பி, கேஸ் எவ்வளவு அடிக்கணும்னு அப்புறம் கேளு. எங்கே போச்சுன்னு முதல்ல கேளு" என்பார்.

அவர் சொன்னபடி ஒரு ஸ்பிளிட்டைப் போட அரை நாள் பிடிக்கும். சீசனில் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு போடச் சொன்ன கம்பெனிகளிலும் வேலை பார்த்தேன். அங்கே முதலில் காணாமல் போனது வாக்யூம் பம்ப். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அந்தப் பம்ப் போட்டு 500 மைக்ரான் வரை உறிஞ்சி எடுக்க வேண்டும். இறங்கியதும் பம்ப்பை நிறுத்தி, முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் கசிவு, இல்லை ஈரம். இதற்கெல்லாம் நேரமில்லாதவர்கள் பெட்டியில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மறுமுனையில் நட்டைத் தளர்த்தி, காற்றை வெளியே தள்ளுவார்கள். உஸ் என்று ஒரு சத்தம். வேலை முடிந்தது. நானும் செய்தேன், பல வருடம் செய்தேன். கசிவு சோதனையே இல்லாமல் போட்ட அந்த இணைப்புகள்தான் அடுத்த கோடையில் "காஸ் கலாஸ்" என்று எங்களைத் திரும்பக் கூப்பிட்டன. போனோம், இன்னொரு அரைக் கிலோ அடித்தோம், ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்காரருக்கு அது கோடைக்கு ஒருமுறை செய்யும் சர்வீஸாகப் பழகிவிட்டது.

அந்த உஸ் சத்தம் எங்கே போனது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. குளோரின் கலந்த இந்த வாயுக்கள் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974இலேயே எழுதிவிட்டார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை விழுந்ததை 1985இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 செப்டம்பர் 16. நான் வேலையில் சேர்ந்து நாலாவது மாதம். 1992இல் ஆர்-22 வகையும் அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. நம்மைப் போன்ற வளரும் நாடுகள் 2010இல் ஆர்-12ஐ நிறுத்தின, 2013இல் ஆர்-22ஐ உறைய வைத்து, 2030க்குள் ஒழிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஓசோனோடு இது முடியவில்லை. ஒரு கிலோ ஆர்-22 வெளியே போனால், நூறு வருடக் கணக்கில் அது சுமார் 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒன்றரை டன் ஏசியில் இருப்பதே ஏறத்தாழ ஒரு கிலோதான்.

வானத்தை விடுங்கள், எங்கள் தொண்டைக்கே அது தெரியும். கசிவு பார்க்க அப்போது ஹாலைடு டார்ச் என்று ஒரு விளக்கு இருந்தது. கசியும் இடத்தருகே கொண்டுபோனால் அதன் நீலச் சுடர் பச்சையாக மாறும். குழாயில் கேஸ் முழுதும் வெளியேறாத நிலையில் பற்றவைத்தாலும் அதே பச்சைச் சுடர் எழும். ஒருமுறை துபாய் தெய்ராவில் காற்றோட்டமில்லாத ஷாஃப்ட் ஒன்றில் எனக்கு அப்படி ஆனது. எரிந்த வாயுவில் அமிலமும் ஃபாஸ்ஜீனும் உருவாகும். இரண்டு நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன்.

2010க்குப் பிறகு ரோஜா நிற சிலிண்டர் வந்தது, ஆர்-410ஏ. குளோரின் இல்லை, ஆகவே ஓசோனுக்கு ஆபத்தில்லை, பழைய டார்ச்சாலும் பயனில்லை. ஆர்-22 300 பிஎஸ்ஐ தாண்டும் இடத்தில் இது 500ஐத் தொடும். பழைய கேஜ், பழைய ஹோஸ் எதையும் பயன்படுத்தக் கூடாது. இரண்டு வாயுக்களின் கலவை என்பதால் திரவமாகவே, தராசில் நிறுத்து அடிக்க வேண்டும். இதன் எண்ணெய் ஈரத்தை இழுத்து அமிலமாகும், அதனால் வாக்யூம் போடாமல் தப்பிக்கவே முடியாது. வளைகுடாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 71 டிகிரி அளவில் இந்த வாயு திரவமாகும் தன்மையையே இழந்துவிடும். ஆர்-22க்கு அந்த எல்லை 96. ஆகஸ்ட் மத்தியானம் மொட்டைமாடியில் பெட்டிகள் ஒன்றின் சூட்டை ஒன்று இழுக்கும்போது, அந்த எல்லைக்கு மிக அருகில் இயந்திரம் திணறும். அந்த வெயிலுக்காகத்தான் சாதாரண ஊர்களுக்கு 35 டிகிரியில் சோதிக்கும் ஏசியை அங்கே டி3 என்று 46 டிகிரியில் சோதிக்கிறார்கள். கீழே வீட்டுக்காரர், "கேஸ் குறைவு, அடி" என்பார். கண்டென்சரில் மணலும் உப்பும் அப்பியிருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினாலே பாதி வீடுகளில் அறை குளிர்ந்தது.

அடுத்து வந்திருப்பது ஆர்-32. ஆர்-410ஏயைவிடப் பூமியைச் சூடாக்குவது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் மெல்லத் தீப்பிடிக்கும். மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 2016 கிகாலி திருத்தத்தில் இந்தியாவும் வளைகுடா நாடுகளும் ஒரே குழுவில் இருக்கின்றன. 2028இல்தான் இந்த வாயுக்களுக்கு உச்சவரம்பு தொடங்கும். அதுவரை கணக்கு கசிவைத் தடுப்பவன் கையில் இருக்கிறது.

ஊர் திரும்பிப் பார்த்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஸ்பிளிட். போன சித்திரையில் பக்கத்து வீட்டம்மா, "வருஷா வருஷம் கேஸ் அடிக்கணுமாமே அண்ணே?" என்று கேட்டார்கள். சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு வெளிப்பெட்டியின் நட்டில் தடவினேன். ஒரு நொடி கழித்துச் சின்னக் குமிழி ஊதியது. குழாயை வெட்டி, புதிதாக ஃப்ளேர் அடித்து, பம்ப் போட்டு, நிறுத்து அடித்துக் கொடுத்தேன். இந்த வருடம் அவர்கள் கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டுக்கு வரும் மெக்கானிக் கேஸ் குறைவு என்று சொன்னால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதை அடைத்து, வாக்யூம் போட்டு, தராசில் வைத்து அடிப்பவர் என்றால், கேட்ட கூலியைக் கொடுங்கள். பம்ப் ஓட அவர் கேட்கும் அரை மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.