செகண்ட் ஹேண்ட் 'டர்போ' கார் வாங்கப்போறீங்களா? எக்ஸ்டெண்டட் வாரன்ட்டியில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிச்சிடுங்க!

பட்ஜெட் ஆறு லட்சம். புது கார் என்றால் ஒரு சாதா ஹேட்ச்பேக்தான் வரும். அதே காசுக்கு 2016 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று சேலையூர் பக்கம் நிற்கிறது. டெஸ்ட் டிரைவில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்ததுமே மனசு பறிபோய்விட்டது. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப்போகும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்: "சார், இன்னும் ஒரு நாப்பதாயிரம் போட்டா ஒரு வருஷம் வாரன்ட்டி. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கவர் ஆகும். போட்டுடலாமா?"

'எல்லாம்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

இந்த வகை கார்களில் வாரன்ட்டி ஏன் இவ்வளவு பெரிய கேள்வி? காரின் விலை வருஷா வருஷம் குறையும். பார்ட்ஸ் விலை குறையாது. பத்து லட்சத்துக்கு விற்ற கார் இன்று அஞ்சு லட்சம் என்றாலும், அதன் கியர்பாக்ஸ் இன்னும் பத்து லட்ச ரூபாய் காரின் கியர்பாக்ஸ்தான். ஓஎம்ஆரில் வேலை, கார் லோன் இஎம்ஐ, வாடகை என்று ஓடுகிறவருக்கு மூணாவது மாசமே ஒன்றரை லட்சம் பில் வந்தால், கார் வீட்டு வாசலில் கவர் போட்டுத்தான் நிற்கும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ-யையே எடுத்துக்கொள்வோம். 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். இன்ஜினைவிட நாம் கவலைப்பட வேண்டியது அந்த டிஎஸ்ஜி-யைப் பற்றித்தான். டிக்யூ200 என்று பெயர். ரெண்டு டிரை கிளட்ச், அவற்றை இயக்க 'மெக்கட்ரானிக்ஸ்' என்ற ஹைட்ராலிக் - எலெக்ட்ரானிக் யூனிட். ஆயிலில் நனையாத கிளட்ச் என்பதால் நின்று நின்று போகும் டிராஃபிக்கில் சூடு ஏறும். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வர பீக் அவரில் எவ்வளவு நேரம் ஊர்ந்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிளட்சுக்கு அதுதான் தினசரி பரீட்சை.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. டிஎஸ்ஜி புகார்களால் 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை ஃபோக்ஸ்வாகன் ரீகால் செய்தது. அதற்கு முன்பே அங்கே அந்த கியர்பாக்ஸின் வாரன்ட்டியை 10 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என நீட்டியிருந்தார்கள். ஆனால் அது சீனாவுக்கான ஏற்பாடு. இங்கே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ரீகால் வேலை ஏதாவது பாக்கியா, கியர்பாக்ஸில் ஏற்கெனவே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 ஜிடி டிஎஸ்ஐ வேற கார். 1.0 லிட்டர், 110 பிஎஸ், ஆட்டோமேட்டிக்கில் டிஎஸ்ஜி-க்கு பதில் 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர். பேட்ஜ் ஒன்றுதான், ரிஸ்க் வேறு. டிஎஸ்ஜி பயத்தைக் காட்டி இந்த காருக்கு யாராவது வாரன்ட்டி விற்றால், சிரித்துவிட்டு நகரலாம்.

யாருடைய வாரன்ட்டி?

பேப்பரைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, யார் கொடுக்கிறார்கள் என்பதை. கம்பெனியே கொடுக்கும் எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி ஒரு வகை. பொதுவாக ஒரிஜினல் வாரன்ட்டி முடிவதற்குள் எடுத்திருக்க வேண்டும்; முதல் ஓனர் எடுத்திருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். இந்தியா முழுக்க எந்த டீலரிடமும் செல்லும். இதுதான் ராஜா.

கார் கம்பெனிகளின் சொந்த யூஸ்டு கார் பிரிவுகள் கொடுப்பது அடுத்தது. ஃபோக்ஸ்வாகனின் தஸ் வெல்ட்ஆட்டோ, ஹூண்டாயின் ஹெச் பிராமிஸ், பிஎம்டபிள்யூவின் பிரீமியம் செலக்‌ஷன் மாதிரி. மூன்றாவதுதான் சிக்கல்: ஷோரூம்காரரோ, பெயரே கேள்விப்படாத ஒரு வாரன்ட்டி கம்பெனியோ கொடுப்பது. எங்கே ரிப்பேர் செய்ய வேண்டும், யார் அப்ரூவல் தர வேண்டும், அந்த ஷோரூம் அடுத்த வருஷம் இதே இடத்தில் இருக்குமா?

பெரிய கம்பெனியே கிளம்பிப் போவதைத்தான் நம்ம ஏரியா பார்த்ததே! 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. 145 பிஎஸ் பவரோடு 2015-ல் வந்த அபார்த் புன்டோவுக்கு இன்னமும் வெறித்தனமான ரசிகர்கள் உண்டு. ஆனால் ஃபியட் பிராண்டே இங்கே கடையைக் கட்டிவிட்டது. இந்த மாதிரி கார்களுக்கு வாரன்ட்டி பேப்பரைவிட, பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த ஒரு நல்ல மெக்கானிக்கின் நம்பர்தான் பெரிய சொத்து.

நாலு வரி கணக்கு

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வாரன்ட்டி விலை 34,000. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி (ரோடு இல்லை, வரி!) சேர்த்தால் 40,120. நீங்கள் பயப்படும் பழுதின் செலவு ஒன்றரை லட்சம். அப்படியென்றால், இதே மாதிரி நாலு கார்களில் ஒன்றாவது அந்த ஒரு வருஷத்துக்குள் அந்தப் பெரிய பழுதைக் கண்டால்தான் இந்த விலை நியாயம். இப்போது சின்ன எழுத்தில் 'அதிகபட்ச க்ளெய்ம் ஒரு லட்சம்' என்று இருந்தால்? பத்து கார்களில் நாலு பழுதாக வேண்டும். அவ்வளவு மோசமான கார் என்றால் அதை வாங்கவே கூடாது.

"ஆனா என்கிட்ட ஒன்றரை லட்சம் சேர்ந்தாப்ல இல்லையே, அதுக்குத்தானே வாரன்ட்டி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய அடியைத் தாங்க முடியாதவருக்குக் கணக்குப்படி நஷ்டமான பாதுகாப்புகூட உதவும்தான், அது நிஜமாகவே காசு தருவதாக இருந்தால். என் கருத்து, எட்டு பத்து வருஷ டிஎஸ்ஜி காருக்கு வெளி வாரன்ட்டி எடுப்பதைவிட, அதே 40,000-ஐத் தனி அக்கவுன்ட்டில் போட்டு, மாசம் 4,000 சேர்த்துக்கொண்டே போவது மேல். ஒரு வருஷத்தில் 88,000 ஆகியிருக்கும். பழுது வராவிட்டால் பணம் உங்களுடையது.

இந்தக் கணக்கு தலைகீழாகும் கார்களும் உண்டு. பிஎம்டபிள்யூ எம்340ஐ 2021 மார்ச்சில் வந்தது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 387 பிஎச்பி. மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அசெம்பிள் ஆன கார்தான், பக்கத்து ஊர்ப் பிள்ளை! ஆனாலும் பார்ட்ஸ் பில்லில் சொந்தக்காரன் சலுகையெல்லாம் கிடையாது. 2020-ல் 200 கார்கள் மட்டுமே முழுசாக இறக்குமதியான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்245-ம் அப்படித்தான். இந்த ரெண்டிலும் கம்பெனி வாரன்ட்டி பாக்கி இருக்கிற காருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், தப்பே இல்லை. 2021-ல் வந்த ஐ20 என் லைன், சின்ன வயசு கார். தனியாக எதுவும் வாங்கும் முன் முதல் ஓனர் எடுத்த வாரன்ட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். அதன் 7 ஸ்பீடு டிசிடி-யும் டிரை கிளட்ச்தான். ஐஎம்டி எடுத்தால் அந்தக் கவலையும் இல்லை.

எதுக்கெல்லாம் கிடைக்காது?

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, ரப்பர் ஹோஸ் மாதிரி தேய்கிற சாமான்கள் எதிலுமே பொதுவாக வராது. டிஎஸ்ஜி-யில் கிளட்ச் பேக்கை 'தேய்மானம்' என்று சொல்லி ஒதுக்குகிறார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சண்டையே அங்கேதான் வரும். டர்போ, மெக்கட்ரானிக்ஸ், இசியூ மூன்றும் பெயர் சொல்லி லிஸ்டில் இருக்க வேண்டும். லேபர் சார்ஜ், டோயிங், வாங்கின முதல் சில வாரங்களில் க்ளெய்ம் கிடையாது என்ற நிபந்தனை, இதையெல்லாம் தேடிப் படியுங்கள்.

பெர்ஃபார்மன்ஸ் காருக்கே உரிய இன்னொரு குழி, ரீமேப். முந்தைய ஓனர் இசியூ-வில் 'ஸ்டேஜ் 1' ஏற்றி, விற்கும்போது ஸ்டாக்குக்கு மாற்றியிருக்கலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் சர்வீஸ் சென்டர் ஸ்கேன் செய்யும்போது அது மாட்டினால், சிஸ்டத்தில் 'டிடி1' என்று குறித்துவிடுவார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் க்ளெய்முக்கு அத்தோடு டாட்டா. அதனால் பணம் கொடுக்கும் முன்பே அந்த ஸ்கேனை எடுங்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே ஓட்டி வந்த பழுதுக்கும் வாரன்ட்டி கிடைக்காது. இன்ஸ்டா ரீலைப் பார்த்தே க்ளெய்மை மறுக்கலாம், ஜாக்கிரதை.

அப்புறம், தண்ணி. 2015 டிசம்பரும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை பக்கம் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் வாரன்ட்டி கைவிரித்துவிடும். அது இன்ஷூரன்ஸ் விஷயம், அதிலும் 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' ஆட் - ஆன் இருந்தால்தான். பழைய கார்களுக்கு அந்த ஆட் - ஆன் கிடைக்கிறதா என்று முன்பே கேளுங்கள். நம்ம ஏரியாவில் வாரன்ட்டியைவிட முதலில் காசு போக வேண்டிய இடம் இதுதான் என்பேன். வாங்கும் காரே வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் ரெயிலில் துரு, கார்ப்பெட்டில் ஊறின வாசனை வந்தாலும் உஷார்.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலி ரோட்டில் வைத்தால் எல்லா டிஎஸ்ஜி-யும் வெண்ணெய்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ப் ரோடு பக்கம் அரை மணி நேரம் ஊர்ந்து, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். ஒன்றிலிருந்து ரெண்டுக்கு மாறும்போது உதறினாலோ, ரிவர்ஸில் தயங்கினாலோ, மீட்டரில் கியர் எழுத்து மின்னினாலோ, வாரன்ட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம், வேறு காரைப் பாருங்கள்.

வாங்கிவிட்டீர்கள், வாரன்ட்டியும் இருக்கிறது என்றால், ஆர்சி-யில் பெயர் மாறினால் வாரன்ட்டியும் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு உண்டு. ஒரு சர்வீஸைத் தள்ளிப்போட்டாலும் க்ளெய்மை மறுக்க அது காரணமாகலாம். சேல்ஸ்மேன் வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நியாயமான க்ளெய்மை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் ஆரம்பிக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரத்துக்காரர்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை அஞ்சு லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்து ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். காரைத் தனி நபரிடம் வாங்கியிருந்தால் அவர் மேல் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.

வார்னிங் லைட் எரிந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து கோடை அழிக்கச் சொல்லாதீர்கள், ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். மீட்டரை போட்டோ எடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள், வாரன்ட்டி நம்பருக்கு போன் போட்டு டோயிங் கேளுங்கள். அவர்கள் அப்ரூவல் தரும் முன் யாரும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றக் கூடாது.