கம்ப்ரசர் ஓடவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

டிராக்டர், டிரெய்லர் டயருக்குக் காற்று அடிக்க, ரேடியேட்டர் தூசியை ஊத, சொட்டுநீர் வடிகட்டியைச் சுத்தம் செய்ய என்று மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பகுதி விவசாயிகள் கொட்டகையில் சிறிய ஏர் கம்ப்ரசர் வைத்துக்கொள்வது உண்டு. உழவு அல்லது மணிலா பறிப்பு நேரத்தில் இது ஓடாமல் நின்றால் ஒரு நாள் வேலையே கெடும். உடனே மோட்டார் எரிந்துவிட்டது என்று நினைத்து காயில் கட்டக் கொண்டுபோக வேண்டாம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்தால் பழுது எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு

மெயினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பிரஷர் சுவிட்ச் உள்ள இயந்திரம் மின்சாரம் திரும்பியதும் தானாகவே ஓடத் தொடங்கும். பெல்ட்டில் கை வைத்திருந்தால் விரல் போய்விடும். கைகளால் தொட்டுப் பார்க்கும் எந்த வேலைக்கும் முன் டேங்க் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்றவும்.

சத்தமே இல்லை என்றால்

காற்றை வெளியேற்றும் முன் டேங்க் மீட்டரைப் பாருங்கள். பல சிறு கம்ப்ரசர்கள் சுமார் 8 பார், அதாவது 115 பி.எஸ்.ஐ அளவில் நின்று, 6 பார் அளவுக்கு இறங்கிய பிறகே மீண்டும் ஓடும். டேங்கில் காற்று இருந்தால் ஓடாதது பழுதல்ல. அளவு இறங்கியும் ஓடாவிட்டால், அதே பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும்.

அடுத்து, மோட்டாரின் மேலுள்ள சிவப்பு ஓவர்லோடு பொத்தான். மோட்டார் சூடேறினால் இது விழுந்துவிடும். 20 நிமிடம் ஆறவிட்டு ஒருமுறை அழுத்தவும். மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. காரணத்தைத் தேட வேண்டும். பிரஷர் சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு, பல்லி புகுந்து தொடுமுனைகள் கருகியிருப்பதும் உண்டு. இதை எலெக்ட்ரீசியனைக் கொண்டு பார்ப்பது நல்லது.

'ம்ம்' என்று இரைந்து சுற்றாவிட்டால்

ஐந்து நொடிக்கு மேல் இரையவிடக் கூடாது, காயில் எரிந்துவிடும். மூன்று காரணங்களைப் பாருங்கள்.

குறைந்த வோல்ட்டேஜ்: 230 வோல்ட் 184 ஆக இறங்கினால், மோட்டாரின் துவக்க இழுவிசை மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைந்துவிடும். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இதை இன்னும் மோசமாக்கும். வயரை நீட்டுவதற்குப் பதில் காற்று ஓஸை நீட்டுங்கள். மும்முனை மோட்டார் என்றால் ஒரு பேஸ் விட்டுப்போயிருக்கலாம்.

கண்டென்சர்: ஒருமுனை மோட்டாரில் இது வீங்கியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் இதில் மின்சாரம் தங்கியிருக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது. அதே மைக்ரோபேரட், அதே வோல்ட் எண் உள்ளதையே போடவும்.

சிக்கிய காற்று: கம்ப்ரசர் நிற்கும்போது 'புஸ்' என்று சிறிது காற்று வெளியேறும். அந்தச் சத்தம் வராவிட்டால் பிஸ்டன் மேல் காற்று அடைபட்டு, அடுத்த முறை மோட்டாரால் தள்ள முடியாது. 'புஸ்' சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் நான் ரிட்டர்ன் வால்வு கசிகிறது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. டேங்கைக் காலி செய்து வடிகாலைத் திறந்தபடியே ஓட்டிப் பாருங்கள். காலி டேங்கில் ஓடி, காற்று இருக்கும்போது துவங்காவிட்டால் முதலில் வால்வையும், பிறகு கண்டென்சர், வோல்ட்டேஜையும் பாருங்கள். காலி டேங்கிலும் ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்றினால் மின்சாரப் பக்கம் பழுது. இறுக்கமாக இருந்தால் எண்ணெய் இல்லாமல் பிஸ்டனோ பேரிங்கோ பிடித்திருக்கும்.

போர்வெல் கம்ப்ரசருக்கும் இதே சோதனை

போரில் காற்று அடித்து நீர் ஏற்றும் பெரிய கம்ப்ரசரையும் காற்று வால்வைத் திறந்துவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வேகம் பிடித்த பிறகே போருக்குக் காற்றை விடவும்.

செய்யவே கூடாதது

பிரஷர் சுவிட்ச் கெட்டதென்று வயரை நேராக இணைத்து ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. காற்று எந்த அளவிலும் நிற்காது. சேப்டி வால்வும் துருவேறி இறுகியிருந்தால் டேங்க் வெடிக்கும். துருவேறிய டேங்கை வெல்டிங் வைத்து ஒட்டியும் பயன்படுத்தக் கூடாது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் தினமும் டேங்கிலுள்ள தண்ணீரை வடிக்கவும். மழைக்காலத்தில் இது அதிகம் சேரும். எண்ணெய் கண்ணாடியில் அளவு பாதிக்கு இருக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் மாற்றவும். மணிலா உடைக்கும் தூசியும், பீங்கான் மண் தூசியும் காற்று வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை சேப்டி வால்வு வளையத்தை இழுத்துப் பார்க்கவும். காற்று வெளியே வராவிட்டால் வால்வை மாற்றும் வரை கம்ப்ரசரை ஓட்ட வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓடாமல், மோட்டாரில் கருகிய வாடையும் வந்தால் மட்டுமே காயில் கட்டும் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.