ஜூலை 1, 1946: அந்த இன்சூரன்ஸ் யாருக்காக?

இன்றைய எபிசோட் ஒரு தேதியில் தொடங்குது. 1946 ஜூலை 1, திங்கட்கிழமை. சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. அன்றைக்குத்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் மோட்டார் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் ஆச்சு. சட்டம் போட்டது 1939-ல். ஆனால் அந்த மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்சூரன்ஸ் பற்றிப் பேசுற எட்டாவது அத்தியாயம் மட்டும் ஏழு வருஷம் காத்திருந்து அமலுக்கு வந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அந்தத் திங்கட்கிழமை ஒருத்தர் தென்காசியில் இருந்து செங்கோட்டைக்கு கார் ஓட்டிட்டு வர்றார்னு வச்சுக்கோங்க. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம், திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானம். 1939 சட்டத்தோட எல்லை பிரிட்டிஷ் இந்தியா மட்டும்தான். சமஸ்தானத்துக்குள்ள அது தானாகச் செல்லாது. அரை மணி நேரம்கூட ஆகாத பயணத்தில் அவர் ஒரு சட்டத்தை விட்டு வெளியே வந்திருப்பார்.

1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே நகர்ந்து புளியரைக்கு அப்பால் போயிடுச்சு. இப்போ ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மோட்டார் சட்டம்தான். ஆனா நாம சட்டத்துக்கு உள்ள இருக்கோமா வெளியே இருக்கோமான்னு சொல்ற ஒரு கோடு இன்னும் இருக்கு. அது உங்க பாலிசியில் அச்சடிச்ச ஒரு தேதி. அந்த நாள் நள்ளிரவைத் தாண்டினா வெளியேதான். பெயர்ப் பலகை கிடையாது, செக்போஸ்ட் கிடையாது. வண்டியும் நேத்து ஓடின மாதிரியே ஓடும்.

ஜூன், ஜூலையில் சாரல் சீசனுக்கு எங்க பக்கம் வந்திருக்கீங்களா? அருவிக்கு வர்ற வண்டிகள், கொல்லம் ரோட்டில் மலை இறங்கி வர்ற வண்டிகள்னு ரோடே நிறைஞ்சிருக்கும். வாகனச் சோதனையில் ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் கேட்பாங்க. செல்போனைத் தேடிட்டே இருந்தவர் முகம் சட்டுன்னு மாறுறதை நான் பலதடவை பார்த்திருக்கேன். "சார், இது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சா!" அந்த ஆச்சரியம் பெரும்பாலும் நடிப்பு இல்லை. உண்மையிலேயே தெரியாது.

ஏன் தெரியறதில்லை? இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1973-ல் பொது இன்சூரன்ஸ் தொழில் அரசுடைமை ஆனபோது, நாட்டில் இருந்த 107 கம்பெனிகளும் நாலு கம்பெனிகளுக்குள் அடங்கின. அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க தெருவுக்கு ஒரு ஏஜென்ட் வருவார். நாங்க அவரை மாமான்னுதான் கூப்பிடுவோம். யார் ஸ்கூட்டருக்கு எப்போ முடியுது, யார் ஜீப்புக்கு எப்போ முடியுதுன்னு எல்லாம் அவர் டைரியில் இருக்கும். "தம்பி, அப்பாகிட்ட வர்ற வியாழக்கிழமை கடைசி நாள்னு சொல்லு" என்பார். எங்க தெருவோட ஞாபகசக்தியே அவர் டைரிதான்.

2000-க்கு அப்புறம் தனியார் கம்பெனிகள் வந்தாங்க, ஆன்லைன் வந்தது. டைரி இருந்த இடத்துக்கு எஸ்எம்எஸ் வந்தது. பழைய கார் வாங்கினா, பாலிசியை நம்ம பேருக்கு மாத்தச் சொல்லி 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பம் கொடுக்கணும். பலர் கொடுக்கறதில்லை. அப்போ நினைவூட்டல் யார் நம்பருக்குப் போகும்? வித்தவர் நம்பருக்கு.

அடுத்த திருப்பம் கோயம்புத்தூரில் இருந்து வந்தது. எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் ஒரு உத்தரவு. செப்டம்பர் 1 முதல் விற்கிற புது காருக்கு மூணு வருஷம், பைக்குக்கு அஞ்சு வருஷம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மொத்தமாகவே எடுத்தாகணும். வருஷா வருஷம் புதுப்பிக்க மறக்கிற பிரச்சினைக்கு நல்ல மருந்து. ஆனா ஒரு பக்கவிளைவும் இருக்கு. ஒரே பாலிசியில் ரெண்டு முடிவுத் தேதி வந்துடுச்சு. நம்ம வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருஷம். மூன்றாம் நபர் பகுதி மூணு வருஷம். "நமக்குத்தான் மூணு வருஷம் இருக்கே"ன்னு நிம்மதியா இருந்து பழகினவருக்கு, அந்த மூணு வருஷம் என்னைக்கு முடியுதுங்கறது மறந்து போயிடுது.

இப்போ முக்கியமான கேள்வி. அந்த மூன்றாம் நபர் யார்? முதல் நபர் நீங்க, ரெண்டாவது கம்பெனி. மூணாவது, உங்க வண்டி இடிச்ச ஆள். உங்களுக்கு முன்பின் தெரியாதவர். 1930-ல் பிரிட்டன் இந்த இன்சூரன்ஸைக் கட்டாயம் ஆக்கினதும் அவருக்காகத்தான். கோர்ட் எவ்வளவு இழப்பீடு போட்டாலும், இடிச்சவர் கையில் காசு இல்லைன்னா அந்தத் தீர்ப்பை வச்சு என்ன செய்யறது?

நம்ம நாட்டில் கோர்ட்டுகள் இந்த மூணாவது ஆளுக்காக நிறைய வளைஞ்சு கொடுத்திருக்கு. ஓட்டினவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லைன்னாகூட, முதலில் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்னு சொல்ற வழியை 2004-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனா அதுக்கு ஒரு உயிருள்ள பாலிசி இருக்கணும். காலாவதி ஆயிருந்தா ஒப்பந்தமே இல்லை. யாரைக் கொடுக்கச் சொல்றது?

எவ்வளவு கறாருன்னா, ஒரு வழக்கு சொல்றேன். 1991 டிசம்பர் 10. பிற்பகல் 2:20-க்கு விபத்து. அதே நாள் 2:55-க்கு பாலிசி எடுத்தாச்சு. அதே தேதிதானே, கம்பெனி கொடுக்கட்டும்னு உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கலை. 35 நிமிஷம். பொறுப்பு முழுக்க உரிமையாளர் தலையில்.

தெரியாம நடந்ததுன்னு சொன்னா அபராதம் குறையுமா? 2019 செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவை 2,000 ரூபாய், அல்லது மூணு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். அடுத்த தடவை 4,000. பலர் இந்த 2,000-ஐத்தான் நஷ்டம்னு நினைக்கிறாங்க. ஆனா விபத்து நடந்தா, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை விடுவிக்க இழப்பீட்டுக்குப் போதுமான பிணை கட்டணும். கட்டலைன்னா வண்டியை ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் போடுற விதியை எல்லா மாநிலமும் கொண்டுவரணும்னு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பத்து வருஷம் ஓடின காரை ஏலம் விட்டா எவ்வளவு வரும்? ஐந்தருவி ரோட்டில் பழக்கூடையோடு நடந்து போற ஒரு அம்மாவுக்குக் கால் போனா, அந்தப் பணம் எந்த மூலைக்கு? மிச்சத்துக்கு உங்க வீடு, சம்பளம் எல்லாம் கேள்விக்குள்ள வரும். அவங்களும் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையணும்.

இதில் வரலாறு செஞ்ச ஒரு வேடிக்கை. இந்தியாவில் இன்சூரன்ஸ் கட்டாயம் ஆன அதே 1946-ல், பிரிட்டன் அடுத்த படிக்குப் போயிடுச்சு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடிச்சாலும் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் போய்ச் சேர, இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு அமைப்பை உருவாக்கின. நாம கதவு வச்ச வருஷம், அவங்க கதவு இடுக்கையும் அடைச்சாங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைன்னு காட்டும். பாலிசியிலும் ரெண்டு தேதியையும் பார்த்துடுங்க. முடிஞ்சிருந்தா, புதுப்பிக்கிறதுக்காகக்கூட வண்டியை எடுக்காதீங்க. நின்ற இடத்திலேயே நிக்கட்டும், ஆன்லைனில் எடுங்க, புது பாலிசி எத்தனை மணிக்குத் தொடங்குதுன்னு படிங்க. 1000-லிருந்து 1500 சிசி காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் முதல் வருஷத்துக்கு 3,416 ரூபாய், வரி தனி. 90 நாள் தாண்டினா நோ க்ளெய்ம் போனஸும் போயிடும்.

அப்பா, அம்மா ஓட்டுற வண்டி நம்பரையும் போட்டுப் பாருங்க. நம்ம தெருவுக்கு டைரியோட இப்போ மாமா யாரும் வர்றதில்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.