நினைவகச் சிதைவும் அதைக் கண்டுபிடிக்கும் முறைகளும்

ஒரு நிரல் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதினாலோ, திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தை மறுபடி தொட்டாலோ, பக்கத்தில் இருக்கும் தரவு கெட்டுப்போகும். இதுவே நினைவகச் சிதைவு. சி, சி++, அசெம்பிளி நிரல்களில் இது அதிகம்.

பிழை நடப்பது ஓர் இடம், நிரல் விழுவது வேறோர் இடம் என்பதுதான் இதன் பெருந்தொல்லை. வரிசையின் எல்லைக்கு வெளியே காலையில் விழுந்த ஒரு பைட், தொடர்பே இல்லாத ஒரு செயற்கூற்றை மாலையில் வீழ்த்தும். பிழை தேட உதவும் டீபக்கர் காட்டுவதோ விழுந்த வரியை மட்டும். சோதித்துப் பார்க்க ஓர் அச்சு வரியைச் சேர்த்தால் பிழையே மறைந்துவிடுவதும் உண்டு. நினைவகத்தில் பொருள்களின் இருப்பிடம் மாறிவிடுவதே காரணம். இந்தத் துறையின் வரலாறு, தவறு நடக்கும் நொடிக்கும் அது தெரியவரும் நொடிக்கும் உள்ள தூரத்தைக் குறைத்த வரலாறு.

செயற்கூறுகள் தம் உள்மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கில் இன்னோர் ஆபத்தும் உண்டு. செயற்கூறு முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி, அதன் உள்மாறிகளுக்கு அருகிலேயே இருக்கிறது. வரிசை நிரம்பி வழிந்தால் அந்த முகவரி அழிந்து, நிரல் எங்கோ தாவும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் புழு இதையே பயன்படுத்திக்கொண்டது: ஃபிங்கர் சேவையின் 512 பைட் இடத்துக்குள் 536 பைட்களை அனுப்பியது. அங்கே அளவு பார்க்காமல் உள்ளீட்டை வாங்கிய கெட்ஸ் என்ற செயற்கூறு, சி மொழியின் தரநிலையிலிருந்து 2011இல்தான் நீக்கப்பட்டது. தாமதமான நீக்கம்.

பாதுகாப்பு வசதி இல்லாத சிறு சில்லுகளில் ஸ்டாக் மெல்ல வளர்ந்து மற்றத் தரவுக்குள் நுழைந்தாலும் எச்சரிக்கை வராது. அதனால் பொறியாளர்கள் ஸ்டாக் பகுதி முழுவதையும் தெரிந்த ஓர் எண்ணால் முதலிலேயே நிரப்பிவிட்டு, பிறகு அது எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். எளிய முறை, இன்றும் நம்பகமானது.

1987இல் புரூஸ் பெரென்ஸ் எழுதிய எலெக்ட்ரிக் ஃபென்ஸ், ஒதுக்கும் ஒவ்வோர் இடத்தையும் ஒட்டித் தொடமுடியாத ஒரு நினைவகப் பக்கத்தை வைத்தது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைகளுக்கு இடையே வெற்றிடம் விடுவது போன்ற ஏற்பாடு. ஆனால் அங்கே இடைவெளி தீ பரவாமல் தடுக்கிறது. இங்கே அதில் கால்வைத்த ஆணையிலேயே நிரலை நிறுத்திக் காட்டுகிறது. 1998இல் வந்த ஸ்டாக்கார்டு, திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண்ணை வைத்து, செயற்கூறு முடியும்போது அது மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்த்தது. நினைவகப் பிழைகளைத் தேடும் ஜூலியன் சீவர்டின் வால்கிரைண்ட் 2002இல் வந்தது. கூகுள் பொறியாளர்கள் 2012இல் வெளியிட்ட அட்ரஸ் சானிடைசர், எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட் வைத்து ஒவ்வோர் அணுகலையும் சோதிக்கிறது. நிரல் ஓடும் நேரம் சராசரியாக 73 விழுக்காடு கூடுகிறது. மேசைக் கணினியில் சோதனைக்கு இது தாங்கும். களத்தில் ஓடும் சிறு கருவிக்குத் தாங்காது.

அந்த இடத்தில்தான் சென்னையின் பங்கு வருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வீழிநாதன் காமகோடி தலைமையில் வளர்ந்த சக்தி என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலியில், காவலை வன்பொருளுக்குள்ளேயே வைக்க முயன்றார்கள். 2017இல் சக்தி-டி என்ற வடிவம் அறிவிக்கப்பட்டது. 2019இல் செஸ்டர் ரெபைரோ உள்ளிட்ட குழு வெளியிட்ட சக்தி-எம்.எஸ்., நினைவக முகவரியைக் குறிக்கும் பாயின்டரோடு அதன் எல்லை விவரத்தையும் சேர்த்துச் சுமக்கவைத்தது. அந்த விவரம் தனி அட்டவணையில் இல்லாமல் ஸ்டாக்கிலேயே இருப்பதால் நினைவகச் செலவு குறைவு. சோதனை செய்யும் புதிய ஆணைகளைத் தொகுப்பியே நுழைத்துவிடுகிறது. நிரலர் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. இடத்தின் எல்லையைத் தாண்டுவதும், விடுவித்த இடத்தைத் தொடுவதும் ஓட்டத்தின்போதே பிடிபடுகின்றன.

சக்தி-எம்.எஸ். செயலியில் நிரலின் அளவு 11 விழுக்காடும், ஓடும் நேரம் சராசரியாக 13 விழுக்காடும் கூடுகின்றன; செயலியின் கடிகார வேகம் குறையவில்லை. தவறு நடக்கும் அதே நொடியில் அதைப் பிடிப்பதற்கு இது மலிவான விலை.